வேலை முடிந்த பிறகு உறையும் லேப்டாப்

ராத்திரி 11:42. திரையின் மூலையில் இருந்த கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுபோயிருந்தது. நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 11:50. மவுஸை அசைத்தேன், அம்புக்குறி அசையவில்லை. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தால், ஓடிக்கொண்டிருந்த பாட்டின் கடைசித் துணுக்கு மட்டும் 'டர்ர்ர்ர்' என்று ஒரே சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தது. திரையில் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றும் படம். ஒன்றரை மணி நேரமாகச் செய்த வேலையை நான் சேவ் பண்ணியிருக்கவில்லை.

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவதுதான் என் தொழில். மதுரையில் வீட்டிலேயே உட்கார்ந்து ஏழெட்டு போட்டோகிராபர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். ஒரு ஷீட் 12க்கு 36 அங்குலம்; 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வைத்தால் 3,600க்கு 10,800 பிக்சல். அதன்மேல் பத்துப் பதினைந்து லேயர் ஏறும். சாதாரண லேப்டாப்பில் இது நகராது என்பதால் 2017இல் நகைச்சீட்டு முடிந்த பணத்தைப் போட்டு, தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கினேன். இரண்டு வருஷம் நன்றாக உழைத்தது. 2019 வைகாசி முகூர்த்த வேலைகளெல்லாம் மொத்தமாக வந்து விழுந்த நேரத்தில்தான் உறைய ஆரம்பித்தது.

நீலத் திரை வந்தாலாவது அதில் படிக்க ஏதோ ஒரு பெயரோ எண்ணோ இருக்கும். இதில் ஒன்றும் இல்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், எதுவும் அசையாது. பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அமுக்கிப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து நிற்கும். நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்புக் குறி இருக்கும். அதைப் பார்த்ததும் 'பவர் சப்ளை போச்சு' என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன தடவை இயந்திரம் முறைப்படி அணைக்கப்படவில்லை. ஏன் என்பது அதற்குத் தெரியாது. நானே பட்டனை அமுக்கி அணைத்த சேதியைத்தான் அது எனக்குத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். முதலில் வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். நிற்கவில்லை. அடுத்து ரேம் மாற்றினோம், 2,400 ரூபாய். பிறகு ஃபேனைக் கழற்றித் தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றி 800 ரூபாய். அந்தக் கடையில் இருந்த தம்பி மனசாட்சியுள்ள ஆள். ஒரு ராத்திரி முழுக்கத் தன்னிடமே வைத்திருந்து, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டையும் முழு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்.

"அக்கா, எட்டு மணி நேரம் ஃபுல் லோடுல ஓட்டிட்டேன். ஒரு தடவகூட நிக்கல. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு எடுத்து வந்த அன்றைக்குச் சாயங்காலமே நின்றது. அப்போது நான் போட்டோஷாப்பை மூடிவிட்டு, ஒரு போட்டோகிராபருக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொரு கடையில் காட்டினேன். அவர்கள் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு மாற்ற வேண்டும், 18,000 ஆகும் என்றார்கள். அன்றைக்கு என்னிடம் 18,000 இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அன்று ராத்திரி பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்குப் போன் செய்தேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவன் சொன்ன முதல் வார்த்தையே என்னை மாற்றியது.

"அக்கா, எப்ப நிக்குதுன்னு எழுதி வைக்கா. நிக்கும்போது என்ன பண்ணிட்டிருந்தன்னு வேணாம். அதுக்கு முன்னாடி செகண்டுல என்ன மாறுச்சுன்னு எழுது."

ஆல்பம் ஆர்டர் எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, கடைசியாகச் செய்தது, சார்ஜர் மாட்டியிருந்ததா, வெளி மானிட்டர் மாட்டியிருந்ததா. அவன் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தான். உறைந்ததும் கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பார். விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) அமுக்கினால் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், புதிதாகத் தொடங்கும், பல நேரம் திரை மீண்டுவிடும். விளக்கு அசையவே இல்லை என்றால் மொத்தமும் நின்றுவிட்டது என்று அர்த்தம். என் லேப்டாப்பில் விளக்கு ஒரு தடவைகூட அசையவில்லை.

மூன்று வாரத்தில் பதினேழு வரிகள் சேர்ந்தன. உட்கார்ந்து ஒன்றாகப் படித்தபோது எனக்கே புல்லரித்தது. ஷீட்டுகளை ஜேபெக் ஆக மாற்றும்போது, அதாவது மெஷின் மூச்சுமுட்ட வேலை செய்யும் நேரத்தில், ஒருமுறைகூட நின்றதில்லை. போட்டோஷாப்பை மூடிய கொஞ்ச நேரத்தில் ஆறு தடவை. போட்டோஷாப்பைத் திறக்கும்போது நான்கு. கரண்ட் போனபோதோ சார்ஜரைக் கழற்றியபோதோ ஐந்து. மூடி வைத்துவிட்டுத் திறக்கும்போது இரண்டு. கலர் பார்ப்பதற்காக எச்டிஎம்ஐ வயரில் பெரிய மானிட்டரை மாட்டியிருந்த நாட்களில், எவ்வளவு நேரம் வேலை செய்தாலும், பூஜ்யம்.

கடைசியாக ஒன்று. இந்த லேப்டாப்பின் பவர் பட்டனில் உள்ள விளக்கு சாதாரணமாக வெள்ளையாக எரியும், தனி கிராபிக்ஸ் கார்டு விழித்திருக்கும்போது ஆரஞ்சாக மாறும். இரண்டு வருஷம் அதைப் பார்த்தும் பார்க்காதவளாக இருந்துவிட்டேன். நோட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். போட்டோஷாப்பின் ஐகானைத் தட்டினேன், வெள்ளை விளக்கு ஆரஞ்சானது, அதே நொடியில் அம்புக்குறி நின்றது. அந்த ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

தம்பியிடம் நோட்டைப் படமெடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டான்.

"அக்கா, உன் கார்டு வேல செய்யும்போது நல்லாத்தான் இருக்கு. அத எழுப்புறதுலயும் தூங்க வைக்கிறதுலயும்தான் கோளாறு."

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். இப்படிப்பட்ட லேப்டாப்பில் படம் வரைய இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ். கரண்ட் குறைவாகக் குடிக்கும், மெயில் படிக்க, வீடியோ பார்க்க அது போதும். இன்னொன்று தனிக் கார்டு. வேகம் அதிகம், பேட்டரியையும் அதே வேகத்தில் காலி செய்யும். இரண்டுக்கும் நடுவே மாறிக்கொள்ளும் வழியைத் தேடிப் பல வருஷம் முயன்றிருக்கிறார்கள். 2006இல் வந்த சோனி வயோ எஸ்இசட் வரிசையில் கையால் தள்ளுகிற ஒரு ஸ்விட்சே இருந்தது. ஒரு பக்கம் 'ஸ்டாமினா', மறுபக்கம் 'ஸ்பீட்'. தள்ளிவிட்டு லேப்டாப்பை அணைத்துப் போட வேண்டும். 2008 கடைசியில் வந்த மேக்புக் ப்ரோவில் லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் போதும் என்ற அளவுக்குக் குறைந்தது. 2010 பிப்ரவரியில் கிராபிக்ஸ் கார்டு செய்யும் என்விடியா கம்பெனி தன் ஆப்டிமஸ் முறையை அறிவித்தது. அதிலிருந்து நாம் எதையும் தள்ள வேண்டாம், அணைக்க வேண்டாம். எந்த மென்பொருளுக்கு எந்தக் கார்டு என்று டிரைவரே முடிவு செய்துகொள்ளும். அதே வருஷம் ஏப்ரலில் ஆப்பிளும் மேக்புக் ப்ரோவில் தன் வழியில் தானியங்கி மாற்றத்தைக் கொண்டுவந்தது.

ஆப்டிமஸ் மாதிரியான அமைப்பில் லேப்டாப்பின் சொந்தத் திரைக்கு வயர் சின்ன கிராபிக்ஸிலிருந்துதான் போகிறது. தனிக் கார்டு வரைந்த படத்தை, கார்டையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதை வழியாக மெமரிக்கு அனுப்பிவைக்கும், சின்ன கிராபிக்ஸ் அதை எடுத்துத் திரையில் காட்டும். வேலை இல்லையென்றால் தனிக் கார்டுக்குப் போகும் கரண்டையே மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். அரைத் தூக்கம் கிடையாது, முழுக்க அணைப்பதுதான். பேட்டரி நாலைந்து மணி நேரம் நிற்பதன் ரகசியம் அதுதான். ஆனால் எச்டிஎம்ஐ துளையின் வயர் பல லேப்டாப்புகளில் நேராகத் தனிக் கார்டுக்குப் போகிறது. வெளி மானிட்டர் மாட்டியிருக்கும்வரை அந்தக் கார்டு தூங்கவே முடியாது. தூங்காத நாளில் எழுப்பவும் வேண்டியதில்லை. என் நோட்டில் இருந்த பூஜ்யத்தின் காரணம் அதுதான்.

இதை நான் தினமும் பார்க்கிற இடத்திலிருந்து யோசித்தபோது சட்டென்று பிடிபட்டது. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் ஜெனரேட்டர்காரர் சேஞ்ச்ஓவரைத் தள்ளுவார். ஈபி கரண்டிலும் லைட் ஒழுங்காக எரியும், ஜெனரேட்டரிலும் ஒழுங்காக எரியும். போட்டோகிராபரின் போகஸ் லைட் பல்பு போவதெல்லாம் பெரும்பாலும் மாற்றுகிற அந்த ஒரு நொடியில்தான். எட்டு மணி நேரம் ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு 'பல்பு நல்லா இருக்கு' என்று சொன்னால் அந்த நொடியைச் சோதித்ததாக ஆகாது. அந்தக் கடைத் தம்பி உழைத்தது உண்மை. ஆனால் எட்டு மணி நேரமும் கார்டு விழித்தே இருந்தது. நிற்க வேண்டிய சந்தர்ப்பமே அதற்கு வரவில்லை.

சரி, கோளாறு விண்டோஸிலா, டிரைவரிலா, அதற்கும் கீழேயா? இதைக் கண்டுபிடிக்கத் தம்பி சொன்ன சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. காசு செலவில்லை, எதையும் அழிக்க வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் போட்டு, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கினோம். போன் ஸ்பீக்கரில், அவன் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். அதில் என்விடியா கார்டுகளுக்கான நூவோ என்ற திறந்த மூல டிரைவர் இருக்கிறது. வேலை இல்லாமல் ஐந்து விநாடி போனால் தனிக் கார்டைத் தூங்க வைத்துவிடும். டெஸ்க்டாப் வந்தது. விளக்கு ஆரஞ்சிலிருந்து வெள்ளைக்கு மாறும்வரை காத்திருந்தேன்.

"இப்ப டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ அடிச்சு என்டர் தட்டுக்கா."

உள்ளே என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று பட்டியல் காட்டும் சின்னக் கட்டளை அது. பட்டியல் எடுக்க அது ஒவ்வொரு பொருளையும் தட்டிப் பார்க்கும். தூங்குகிற கார்டையும் தட்டும். தட்டினேன். விளக்கு ஆரஞ்சானது. பட்டியல் வரவில்லை. அம்புக்குறி நின்றது. கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை.

"நின்னுருச்சுடா" என்றேன். அந்தப் பக்கம் அவன் கைதட்டினான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதமாக என்னை அலைக்கழித்த ஒன்றை முதல் தடவையாக நானாக வரவழைத்திருந்தேன்.

மறுபடி தொடங்கினோம். இந்த முறை தொடக்க வரியிலேயே, நூவோ கார்டைத் தூங்க வைக்கக்கூடாது என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னான். அதே கட்டளையை முப்பது தடவை அடித்தேன். முப்பது தடவையும் பட்டியல் வந்தது. விண்டோஸ் இல்லை, போட்டோஷாப் இல்லை, வைரஸுக்கு வழியே இல்லை. இரண்டு இயங்குதளத்திலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், இரண்டுக்கும் பொதுவாகக் கீழே இருக்கிற ஒன்றில்தான் கோளாறு.

கீழே இருப்பது, கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸும் அதற்குள் இருக்கும் ஏசிபிஐ என்ற கட்டளைத் தொகுப்பும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996 டிசம்பரில் வெளியிட்ட விதிமுறை அது. கரண்டை எப்படி நிறுத்துவது, எப்படித் திருப்பிக் கொடுப்பது என்ற சின்னச் சின்ன நிரல்களை லேப்டாப் செய்கிறவர்களே அந்த விதிப்படி எழுதி பயாஸில் வைத்திருப்பார்கள். விண்டோஸோ லினக்ஸோ கார்டை எழுப்ப வேண்டுமென்றால் அந்த நிரலைக் கூப்பிட வேண்டும். நிரல் கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும், பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு உயிர்பெறும்வரை காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் ஓட்டை இருந்தால், இணைப்பு வராத தருணத்தில், 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று முடிவில்லாமல் கேட்டுக்கொண்டே நின்றுவிடும். மேலே உள்ள எல்லாமும் அதற்காகக் காத்துக்கிடக்கும். கடிகாரம் உட்பட.

நான் மட்டும் இதில் மாட்டவில்லை என்று பிறகு தெரிந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் பிழைப் பதிவேட்டில் 156341 என்ற எண்ணில் இதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது. பல கம்பெனிகளின் லேப்டாப்புகள் அதில் அடிபடுகின்றன. தூங்கும் கார்டு எழ மறுத்து, ஏசிபிஐ நிரல் முடிவில்லாச் சுழலில் சிக்கி, எல்எஸ்பிசிஐ அடித்தாலே இயந்திரம் நின்றுபோவதாகப் பதிவுகள். பீட்டர் வூ என்ற நிரலாளர் உட்படப் பலர் அந்தந்த லேப்டாப்பின் ஏசிபிஐ நிரலைப் பிரித்துப் படித்து, எந்த வரியில் நிற்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். பயாஸ் தன்னைக் கூப்பிடும் இயங்குதளம் எது என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வேறு வழியில் போகிறது என்பதையும் கண்டார்கள். அதனால் 'நான் பழைய விண்டோஸ்' என்று லினக்ஸைச் சொல்லவைத்தால் சில லேப்டாப்புகள் பழைய பாதையில் போய்ப் பிழைத்துக்கொண்டன. 2020இல் கரோல் ஹெர்ப்ஸ்ட், சில இன்டெல் சிப்செட்டுகளோடு சேரும்போது நூவோ இந்த இடத்தில் சிக்காமல் போக ஒரு மாற்று வழியைக் கர்னலில் சேர்த்தார். பலர் விடாமல் பின்தொடர்ந்த வேலை அது. யாரோ எங்கோ தங்கள் ராத்திரிகளைச் செலவழித்ததால்தான் என் தம்பியால் போனிலேயே எனக்கு வழி சொல்ல முடிந்தது. அவர்களுக்கு நான் கடமைப்பட்டவள்.

இந்தத் தானியங்கி மாற்றம் லினக்ஸ்காரர்களைப் படுத்திய பாடு தனிக் கதை. 2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பேசியபோது என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினாரே, உலகமெல்லாம் சுற்றிய காட்சி, அதற்குக் காரணமான கேள்வியே இதுதான். ஆப்டிமஸ் உள்ள லேப்டாப் வாங்கிவிட்டு லினக்ஸில் ஆதரவு கிடைக்காமல் தவித்த ஒரு பெண் எழுந்து கேட்டார். விரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பெண்ணின் கேள்வியை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அவருடைய கேள்விதான் நினைவில் நிற்கிறது.

இனி நான் செய்தது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் என் மாடலுக்கான பக்கத்தைத் திறந்தால், ஆறு மாதத்துக்கு முன்பே புதிய பயாஸ் வந்திருந்தது. தூக்கத்திலிருந்து எழும்போது நின்றுபோவது சரிசெய்யப்பட்டது என்று ஒற்றை வரிக் குறிப்பு. இரண்டு கடைகளிலும் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அது நாமாகத் தேடிப் போனால்தான் கிடைக்கிற இடத்தில் இருக்கிறது.

பயாஸ் மாற்றும்போது நடுவில் கரண்ட் போனால் லேப்டாப் எழவே எழாது என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் நியாயமானது. ஆனால் லேப்டாப்பில் பேட்டரியே யுபிஎஸ் மாதிரிதான். பேட்டரியை முழுக்க ஏற்றி, சார்ஜரையும் மாட்டி, காலை ஐந்து மணிக்குச் செய்தேன். மூன்று நிமிஷம் ஆயிற்று. அந்த மூன்று நிமிஷமும் அம்மா பூஜை அறையிலிருந்து வெளியே வரவில்லை.

பிறகு டிரைவர்கள். அந்த வைகாசியில்தான் விண்டோஸ் அப்டேட்டோடு கிராபிக்ஸ் டிரைவரும் மாறியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் டிரைவரின் தேதியைப் பார்த்தபோது தெரிந்தது. பயாஸில் ஓட்டை முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும். பழைய டிரைவர் கார்டை அவ்வளவு அடிக்கடி தூங்க வைக்கவில்லை, புதியது வைத்தது. சேஃப் மோடில் போய், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, டிடியு என்ற கருவியால் பழைய டிரைவர்களை அடியோடு எடுத்தேன். லேப்டாப் கம்பெனி தந்த டிரைவரில் சின்ன கிராபிக்ஸுக்கு உரியதை முதலில் போட்டேன், தனிக் கார்டுக்கு உரியதை அடுத்துப் போட்டேன். இன்டர்நெட்டைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் எடுத்து முடிப்பதற்குள் விண்டோஸ் தானாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

அடுத்ததாக, மாற்றம் நடக்கும் தடவைகளையே குறைத்தேன். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் எந்தக் கார்டு என்று நாமே சொல்லலாம். போட்டோஷாப்புக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்', பிரவுசருக்கும் பாட்டு கேட்கும் மென்பொருளுக்கும் 'பவர் சேவிங்'. அதற்கு முன்பு பிரவுசரில் ஒரு வீடியோ தொடங்கினாலே விளக்கு ஆரஞ்சாகி, நிறுத்தினால் வெள்ளையாகி, ஒரு நாளில் நூறு தடவை மாறிக்கொண்டிருந்தது.

இதே தொல்லையில் இருக்கும் டிசைனர்கள் சிலர் என்னிடம் கேட்டபோது, எல்லோரும் முதலில் செய்திருந்தது டிவைஸ் மேனேஜரில் தனிக் கார்டை டிஸேபிள் செய்தது. சோதனைக்கு நல்லதுதான், நிற்பது நின்றுவிட்டால் சந்தேகம் உறுதியாகும். அப்படியே விட்டுவிடாதீர்கள். பல லேப்டாப்புகளில் கார்டுக்கான கரண்டை நிறுத்தச் சொல்வதே அந்த டிரைவர்தான். டிரைவரை முடக்கினால் கார்டு வேலையும் செய்யாது, தூங்கவும் செய்யாது, சும்மா கரண்டைக் குடித்துக்கொண்டு சூடாகிக் கிடக்கும். பேட்டரி இறங்குகிற வேகத்தில் தெரியும். பயாஸ் புதிதாக வராத மாடல் என்றால், எச்டிஎம்ஐயில் ஒரு மானிட்டரை மாட்டி வைத்தே வேலை செய்யுங்கள். அல்லது பயாஸில் தனிக் கார்டு மட்டும் என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி குறையும், வேலை பிழைக்கும்.

எல்லா உறைவும் இந்த வகை என்று நான் சொல்லமாட்டேன். திரையில் கோடு கோடாக வந்தாலோ, புள்ளிகள் சிதறினாலோ, கனமான வேலையின் நடுவில் நின்றாலோ கார்டே அடிவாங்கியிருக்கலாம். 2011 முதல் 2013 வரை விற்ற மேக்புக் ப்ரோக்களில் சிலவற்றுக்குப் படம் சிதைவது, திரை வராமல் போவது, தானாக ரீஸ்டார்ட் ஆவது போன்ற தொல்லைகள் வந்து, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டமே அறிவித்தது. அங்கே எந்த செட்டிங்ஸும் உதவாது. நோட்டில் எழுதினால் அந்த வித்தியாசம் தானாகவே தெரிந்துவிடும்.

அந்தக் கடைத் தம்பியிடம் போய் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். "அக்கா, இத போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டார். இப்போது உறைகிறது என்று யார் லேப்டாப் கொண்டுவந்தாலும் சார்ஜரைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பார்க்கிறாராம். அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறாராம்.

பயாஸ் மாற்றி ஒன்பதாவது நாள், சாயங்காலம் ஏழு மணி வாக்கில், ஒரு வளைகாப்பு ஆல்பத்தில் வளையல் கைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. ஃபேன் நின்றது, தெருவே இருண்டது, திரை ஒரு படி மங்கியது. என் கை தானாக கண்ட்ரோல் எஸ்ஸுக்குப் போய்விட்டது. விளக்கைப் பார்த்தேன், ஆரஞ்சு. போட்டோஷாப்பை மூடினேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையானது. மவுஸைத் தொட்டேன். அம்புக்குறி நகர்ந்தது. மூலையில் 7:04 என்று இருந்தது 7:05 ஆனது. இருட்டில் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், 7:06 ஆகும்வரை.